பாட்டி வீடு குழு: அம்மாவின் லிஸ்பன் (போர்ச்சுகல்) பயணம்

பெரியம்மா: "லிஸ்பனில் பயங்கர நிலநடுக்கம், மக்கள் அலறி ஓட்டம்." யாரோ அனுப்பியது. ரோசி, டிக்கெட்டை ரத்து செய்.

ஜெனி: பெரியம்மா, அது 2024 ஆகஸ்ட் செய்தி. 5.3தான். விடியற்காலை கட்டில் ஆடியது, நான் திரும்பிப் படுத்துவிட்டேன்.

அம்மா: ரத்து செய்தால் பணம் வராது அக்கா

சேவியர் மாமா: எல்லோரும் கவனியுங்கள். பெரிய நிலநடுக்கம் 1755 நவம்பர் 1. சகல புனிதர் திருநாள், காலை ஒன்பதரைக்கு மேல், ஊரே பூசையில் இருக்கிறது, பீடமெல்லாம் மெழுகுவர்த்தி. கோவில்கள் இடிந்து, மெழுகுவர்த்தி சரிந்து தீப்பிடித்து, தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் ஏறி வந்து இழுத்துக்கொண்டு போனது. அன்று விழுந்த கார்மோ மடத்துக் கோவில் கூரையை இன்றுவரை போடவில்லை. 1389இல் தொடங்கிய கோவில் அது. மேலும்

அமல் அண்ணன்: மாமா மூச்சு விடுங்கள்

பெரியம்மா: கூரை இல்லாத கோவிலில் என்ன பார்க்க?

ஜெனி: கல் வளைவுகள் மட்டும் விலா எலும்பு மாதிரி நிற்கும், நடுவில் வானம், கீழே புல். பின்னால் அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் பெரு நாட்டு மம்மி இரண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஞாயிறு மூடிவிடுவார்கள், சனியே போகணும்.

பெரியம்மா: பிணமா?? ரோசி நீ உள்ளே போகாதே

அம்மா: ஞாயிறு பூசைக்கு?

ஜெனி: சாவ் டொமிங்கோஸ் கோவில் அம்மா. 1755இல் இடிந்ததைத் திரும்பக் கட்டினார்கள், 1959இல் தீப்பிடித்தது. தூணில் கல் பொரிந்து உதிர்ந்ததை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள், தொட்டால் கையில் சொரசொரக்கும்.

பெரியம்மா: நம் அம்மா வீட்டுச் சுவரும் மூன்று வருடமாக அப்படியேதான் இருக்கிறது. யார் பூசணும் என்று எல்லோருக்கும் தெரியும்.

லியோ மாமா: அக்கா அதை இங்கே பேச வேண்டாம்

பெரியம்மா: நான் யார் பெயரையும் சொல்லவில்லையே

சேவியர் மாமா: சுவர் என்றதும் ஞாபகம் வருகிறது. 1755க்கு அப்புறம் அன்றைய அமைச்சர் பொம்பால் லிஸ்பனில் கட்ட வைத்த வீடுகளில் சுவருக்குள் மரச்சட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டு போல வைத்தார்கள். ஆட்டம் வந்தால் மரம் வளைந்து கொடுக்கும். மாதிரி ஒன்றைச் செய்து, சுற்றிச் சிப்பாய்களைத் தொம் தொம் என்று நடக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்வார்கள்.

அமல் அண்ணன்: பாட்டி வீட்டைச் சுற்றிப் பெரியம்மாமார் நடந்தாலே போதும் 😂

லியோ மாமா: 😂😂

பெரியம்மா: அமல், இரவு சாப்பிட வீட்டுக்குத்தானே வருவாய்?

சேவியர் மாமா: ரோசி, ஜெரோனிமோஸ் மடத்தை விட்டுவிடாதே. அது பெரிதாக விழவில்லை, வாஸ்கோடகாமா கல்லறை உள்ளே இருக்கிறது. நம் சவேரியார் 1541இல் கப்பலேறியதும் லிஸ்பனில்தான். தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில் முதன்முதலில் அச்சடித்ததும் அங்கேதான், 1554. நம்

அம்மா: அண்ணா எனக்கு முட்டி வலி. பாத்திமா மாதா கோவில் போதும்.

ஜெனி: கார்மோவுக்கு ஏற பக்கத்திலேயே லிப்ட் இருக்கிறது அம்மா. சனி பார்ப்போம். வரும்போது மக்ரூன் இரண்டு கிலோ.

பெரியம்மா: எந்தக் கடையில்? போன தடவை லியோ வாங்கியது எல்லாம் தூள்.

லியோ மாமா: அதுவும் நானா