புதுப்பிப்பு: தாய்லாந்து ரீ-என்ட்ரி பெர்மிட் கதை

பாங்காக்கில் ஓராண்டுத் தங்கல் நீட்டிப்பில் இருக்கிறேன், தங்கை கல்யாணத்துக்கு மதுரை போய்வந்தால் அது செல்லுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது வெளியே போய் அதே நீட்டிப்பில் திரும்பி நுழைவதற்கான முன் அனுமதி, இல்லாமல் கிளம்பினால் நீட்டிப்பு அன்றோடு காலி. எச்சரித்த எல்லோருக்கும் நன்றி.

புறப்படும் நாளன்று சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே எடுத்துவிட்டேன். டிஎம் 8 படிவம், ஒரு போட்டோ, 1,000 பாட். பலமுறை போய்வர 3,800. ஒருமுறை போதும் என்று சிக்கனம் பிடித்தேன். அடுத்து வளைகாப்பு வருமே என்று மனைவி சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

திரும்பியபோது கவுன்டரில் பதற்றத்தில் பழைய விசா பக்கத்தை விரித்து நீட்டினேன். அப்புறம்தான் பெர்மிட் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். முத்திரைத் தேதியை அங்கேயே நின்று பார்த்தேன்: பழைய நீட்டிப்பு முடியும் அதே நாள். சரி, பெர்மிட் ஒரு நாளைக்கூடக் கூட்டித் தராது.

நீண்ட நாள் தங்கும் வெளிநாட்டவர் 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரி சொல்ல வேண்டும்; அந்த அறிவிப்புக்கு இப்போது புதுக் கணக்கு, நுழைந்த நாளிலிருந்து. பாஸ்போர்ட்டில் செருகியிருந்த, பழைய அறிவிப்புத் தேதி போட்ட சீட்டைக் கிழித்துப் போட்டேன்.

தாய்லாந்துக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் டிஜிட்டல் வருகை அட்டை இலவசம். வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்புங்கள். காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல.