எச்சரிக்கை போகவில்லை: எக்ஸ்டென்ஷன்களுக்குப் பலவீனமான கடவுச்சொல்

மில்_அலுவலகம்:
அவசரம். அலுவலகத் தொலைபேசி சர்வரைத் திறந்தாலே எக்ஸ்டென்ஷன்களின் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள உள் எண்) கடவுச்சொல் பலவீனம் என்று வந்து நிற்கிறது. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. நாளை தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். என்ன செய்வது?

வடவள்ளி_வயர்:
எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு? கடவுச்சொல்லைத் திரையில் எந்தப் பெட்டியில் மாற்றினீர்கள்? எச்சரிக்கையின் முழு வரியையும் போடுங்கள் சார்.

தொலைமணி:
‘அப்ளை கான்ஃபிக்’ பொத்தானை அழுத்தியிருக்க மாட்டீர்கள், வேறொன்றுமில்லை. சிவப்பாக மேலே இருக்கும். அதை அழுத்தாதவரை, உள்ளே அழைப்புகளை நடத்தும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள் பழையதை வைத்துக்கொண்டுதான் ஓடும்.

மில்_அலுவலகம்:
மென்பொருள் ஃப்ரீபிபிஎக்ஸ், ஆஸ்டரிஸ்க்கை இணையப் பக்கம் வழியாக அமைப்பது. பொத்தானை அழுத்திவிட்டேன்.

மூத்த_நிர்வாகி:
இதற்கு இங்கே எத்தனையோ முறை விடை எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு ‘சீக்ரெட்’ வேறு, வாய்ஸ்மெயில் எண் வேறு, பயனர் பக்கத்தில் நுழையும் கடவுச்சொல் வேறு. போன் சர்வரில் பதிவாவது சீக்ரெட்டைக் கொண்டு. எச்சரிக்கையும் அதற்குத்தான். 201 என்ற எக்ஸ்டென்ஷனுக்குச் சீக்ரெட்டும் 201 என்றே வைத்தாலும், ஆறு எழுத்துக்குக் குறைந்தாலும் அது கத்தும். கத்தத்தான் வேண்டும்.

கணினி_தங்கை:
அண்ணா, கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. சார், இதைத் தள்ளிப்போடாதீர்கள். சிப் (இணையவழி அழைப்புக்கான நெறிமுறை) சர்வர்களைத் தேடி இணையம் முழுவதும் நிரல்கள் சுற்றுகின்றன. 100, 101, 102 என்று வரிசையாக எண்களைத் தட்டி, இருக்கிற எண்ணுக்கு அதே எண்ணையும் 1234-ஐயும் போட்டுப் பார்க்கும். உள்ளே வந்துவிட்டால் சனிக்கிழமை இரவு தொடங்கி கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு அழைப்பு போய்க்கொண்டே இருக்கும். திங்கள் காலை வரை யாருக்கும் தெரியாது. பில் உங்கள் நிறுவனத்தின் பெயரில்தான் வரும்.

தொலைமணி:
அதற்குத்தான் சிப் வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 போர்ட்டை (சர்வரின் வாசல் எண்) மாற்றச் சொல்கிறேன். நான் நிறுவிய இடங்களில் எல்லாம் முதல் வேலை அதுதான்.

மூத்த_நிர்வாகி:
போர்ட்டை மாற்றுவது பாதுகாப்பு ஆகாது. தேடுகிறவன் எல்லாப் போர்ட்டையும் தேடுவான். சர்வரை வெளியே திறக்கவே கூடாது, விபிஎன் (மறைகுறியாக்கிய தனிப்பாதை) வழியாகத்தான் வர வேண்டும்.

தொலைமணி:
பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. சர்வரின் பதிவுக் கோப்பில் (லாக்) குப்பை குறைகிறது. குப்பை குறைந்தால்தான் உண்மையான தாக்குதல் கண்ணில் படும். நீங்கள் விபிஎன் போட முடியாத மலிவான மோடம் வைத்திருக்கும் சின்ன அலுவலகத்தைப் பார்த்ததில்லை போலும்.

மூத்த_நிர்வாகி:
பார்த்திருக்கிறேன். அங்கேதான் பில் ஏறுகிறது.

வடவள்ளி_வயர்:
இந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சீக்ரெட்டை மாற்றினாரா என்பதே இன்னும் தெரியவில்லை.

மில்_அலுவலகம்:
வாய்ஸ்மெயில் எண்ணைத்தான் மாற்றியிருந்தேன். இப்போது சீக்ரெட்டை மாற்றிய பிறகு எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் கிளை அலுவலகத்தில் ஒரு போனும் வேலை செய்யவில்லை!

கணினி_தங்கை:
போனுக்குள் பழைய சீக்ரெட் இருக்கிறது சார். அது தவறான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. தவறான முயற்சிகளைக் கவனித்துத் தடுக்கும் ஃபெயில்டூபேன் நிரல் அதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு கிளையின் ஐபியையே (இணைய முகவரி) தடுத்திருக்கும். ஒரே இணைப்பின் பின்னால் இருப்பதால் எல்லாப் போன்களும் சேர்ந்து விழும். முதலில் ஒவ்வொரு போனின் இணையப் பக்கத்திலும் புதிய சீக்ரெட்டைப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகு தடையை நீக்குங்கள். முந்தி நீக்கினால் உடனே மறுபடி தடுத்துவிடும்.

வடவள்ளி_வயர்:
போன்களுக்கு அமைப்புக் கோப்பு டிஎஃப்டிபி (கடவுச்சொல் கேட்காத எளிய கோப்புப் பரிமாற்றம்) வழியாகப் போகிறதா என்றும் பாருங்கள். அந்தக் கோப்பில் சீக்ரெட் வெறும் எழுத்தாகவே இருக்கும். கோப்பின் பெயரும் போனின் மேக் முகவரிதான் (கருவியின் வன்பொருள் எண்). டிஎஃப்டிபியின் 69-ஆம் போர்ட் வெளியே திறந்திருந்தால் எவ்வளவு நீளமான சீக்ரெட்டும் வீண். சர்வரை அவர்களுக்கு மட்டும் திறந்துவிட, கிளைக்கு நிலையான ஐபி உண்டா?

மில்_அலுவலகம்:
நிலையான ஐபி இல்லை. ஒரு போன் வந்துவிட்டது, மற்றவற்றுக்கு ஆள் போயிருக்கிறார். நன்றி.

மூத்த_நிர்வாகி:
நிலையான ஐபி இல்லையென்றால் விபிஎன்தான் வழி.

தொலைமணி:
டிஎஃப்டிபி பற்றி அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.