சாமம் 2.10க்கு டாண் எண்டு நெட் அறுகுது, அலாரம் லைன் தான் காரணமா?

கல்லடிக்காரன்:
வணக்கம் ஆக்கள். பெரியம்மாட வீடு மட்டக்களப்பு கல்லடியில, கடற்கரைப் பக்கம், நானும் இப்ப அங்க தான் தங்கி இரவில வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு ஒன்லைன் வேலை செய்யிறன். அண்ணன் கனடாவில இருந்து, அம்மா தனிய எண்டு பயந்து அலாரம் ஒண்டு பூட்டிக் குடுத்தவர், சும்மா கத்திற சாமான் இல்ல, கதவத் திறந்தா வீட்டு லேண்ட் லைன்லயே கோல் எடுத்து கண்காணிக்கிற சென்டருக்குச் சொல்லுற வகை. அத பூட்டின கிழமையில இருந்து ஏடிஎஸ்எல், அதான் அதே போன் வயர்ல வாற நெட், சனியன் பிடிச்ச மாதிரி, பகல்ல நாலஞ்சு தரம் அறும், அது போக ஒவ்வொரு நாளும் சாமம் 2.10க்கு சொல்லி வச்ச மாதிரி போயிரும், ரவுட்டர் லொக்ல பாத்தா ஒரே நேரம் தான் கிடக்கு. போன்லயும் இரைச்சல். எஸ்என்ஆர் மார்ஜின், அதான் லைன் இரைச்சலத் தாங்கிற அளவு, கூடினா நல்லம், முந்தி 11 டெசிபல், இப்ப 5. அலாரம் ஆக்கள் லைன் பிழை எண்டுறாங்க, லைன் ஆக்கள் அலாரம் பிழை எண்டுறாங்க, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. எங்கட ஒழுங்கைக்கு ஃபைபர் இன்னும் வரல்ல. என்ன செய்யலாம்?

வாவிக்கரை:
ரவுட்டர மாத்துங்க ப்ரோ. எனக்கும் இப்பிடித்தான், புதுசு போட்டன் சரி.

கல்லடிக்காரன்:
மாத்தியாச்சு. கூட்டாளிட ரவுட்டரப் போட்டுப் பாத்தன், அதுக்கும் அதே 2.10.

அக்கரைப்பற்று வயர்மேன்:
தம்பி 2.10 எண்டு சொன்னதே காணும். அது உங்கட அலாரம் பனல், அதான் அலாரத்த நடத்திற பெட்டி, நான் உயிரோட இரிக்கன் எண்டு சென்டருக்கு அடிக்கிற டெஸ்ட் கோல். அந்த நேரம் நெட் அறுகுது எண்டா உங்கட ரவுட்டர் பனலுக்குப் பின்னால இரிக்கி, அவ்வளவு தான் விசயம்.

ஏன் எண்டு சொல்றன். கள்ளன் உள்ள வந்து போன் ரிசீவர எடுத்து வச்சிட்டா லைன் பிசி, பனலால கோல் எடுக்க ஏலாது தானே, அதுக்காக வெளி லைன முதல்ல பனலுக்குள்ள விட்டு, அதில இருந்து தான் வீட்டுப் போன்களுக்குக் குடுப்பாங்க. கோல் எடுக்கிற நேரம் பனலுக்குள்ள ரிலே எண்ட சுவிட்ச் ஒண்டு டக் எண்டு விழுந்து பின்னால உள்ள எல்லாத்தையும் வெட்டி விட்டுரும். ரவுட்டரும் அந்தப் பக்கம் எண்டா அதுவும் சேந்து வெட்டு, மறுகா அது எக்ஸ்சேஞ்சோட திரும்ப சிங் ஆகி, அதான் தொடர்பு பிடிச்சு, வர நிமிசக் கணக்கு எடுக்கும். பகல்ல அறுகிறது வேற காரணம். நம்ம கதைக்கிற சத்தம் லைன்ல 4 கிலோஹேட்ஸுக்குள்ள முடிஞ்சிரும், ஏடிஎஸ்எல் கிட்டத்தட்ட 25 கிலோஹேட்ஸில துவங்கி ஏடிஎஸ்எல் டூ ப்ளஸ் எண்டா 2.2 மெகாஹேட்ஸ் வரைக்கும் போகும். நெட் அலைய மறிக்கிற ஃபில்டர் இல்லாம பனல் லைன்ல தொங்கினா அந்த மேல் அலையெல்லாம் பனலுக்குள்ளயும் பூந்து பாதி அங்கயே செத்துரும், ரவுட்டர்ட அலை பனலயும் குழப்பும். போன்ல நீங்க கேக்கிற இரைச்சலும் ஃபில்டர் இல்லாததால தான் பெரும்பாலும்.

செய்ய வேண்டியது ஒண்டு தான், வெளி லைன் வீட்டுக்குள்ள வாற முதல் இடத்தில, பனலுக்கும் முன்னால, ஸ்பிளிட்டர் ஒண்டு, அதான் நெட்டையும் போனையும் பிரிச்சு விடுற பெட்டி. மூணு வாய் இரிக்கும். லைன் வாயில வெளி வயர், மோடம் வாயில இருந்து நேர ரவுட்டருக்குத் தனி வயர், போன் வாயில இருந்து பனலுக்கு. பனலுக்குள்ள பெரும்பாலும் டிப் ரிங் எண்டு எழுதினது உள்ள வாற லைன், டி1 ஆர்1 எண்டது வீட்டுப் போன்களுக்குப் போறது. இத மாத்தினா மறுகா ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி குட்டி ஃபில்டர் தேவல்ல, கழட்டிருங்க.

தேன்நாட்டான்:
வயர்மேன் காக்கா (அண்ணன்) சொன்னது நூறு வீதம். ஆனா வயர்ல கை வைக்க முதல் சென்டருக்கு கோல் எடுத்து இன்ன நேரம் டெஸ்ட்ல போடுங்க எண்டு சொல்லணும், நான் சொல்லாம கழட்டி பனல் கத்தி ஒழுங்கையே கூடி நிண்டது. அது போக லைன்ல 50 வோல்ட் மட்டில எப்பவும் கிடக்கும், அது பெரிசாத் தெரியாது, கையில பிடிச்சிருக்கிற நேரம் ஆரும் கோல் எடுத்தா 90 வோல்ட் அளவில வரும், அது சும்மா இல்ல.

வாவிக்கரை:
இவ்வளவு மினக்கெட்டு என்னத்துக்கு, அலாரத்துக்கு சிம் போடுற மொடியூல் ஒண்டு வாங்கிப் பூட்டிட்டு லைன விட்டுருங்களன்.

அக்கரைப்பற்று வயர்மேன்:
அதுவும் நல்லம் தான், ரெண்டும் இருந்தா இன்னும் நல்லம். ஆனா கரண்ட் போனாலும் செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பற்றறியில இருந்து கரண்ட் வரும், டவர் பற்றறி அடங்கினா சிம் ஊமை. மாரி மழைக்கு நம்மட பக்கம் கரண்ட் படுற பாடு தெரியும் தானே. நாளைக்கு ஃபைபர் வந்தா கதை மாறும், வீட்டுக்குள்ள வைக்கிற பெட்டிக்கே யூபிஎஸ் வேணும், அப்ப சிம் கட்டாயம்.

கல்லடிக்காரன்:
ஞாயிறு செஞ்சன். முதல் தரம் லைன் வயர மோடம் வாயில குத்திட்டு அரை மணித்தியாலம் முழிச்சது நான் தான், சிரிக்காதீங்க. பனலத் திறந்து பாத்தா காக்கா சொன்ன மாதிரியே தான், வெளி லைன் நேர டிப் ரிங்ல, ரவுட்டர் டி1 ஆர்1 பக்கம். மாத்தின உடன எஸ்என்ஆர் 12. இரைச்சலும் இல்ல. நேத்து 2.10க்கு முழிச்சிருந்து பாத்தன், டிஎஸ்எல் லைட் அசையல்ல.

அக்கரைப்பற்று வயர்மேன்:
சந்தோசம். இன்னும் ஒரு டெஸ்ட் மிச்சம் இரிக்கி தம்பி. சென்டருக்குச் சொல்லிட்டு, பெரியம்மாட போன் ரிசீவர எடுத்து மேசையில வச்சிட்டு அலாரத்த அடிக்க விடுங்க. ரிசீவர்ல டயல் டோன் செத்து, சென்டருக்கு கோல் போகணும். போகாட்டி டி1 ஆர்1 பிழையாக் கிடக்கு, நெட் சரி ஆனா அலாரம் சும்மா சோடினைக்குத் தான்.

கல்லடிக்காரன்:
கோல் சரியாப் போச்சு, சென்டர்ல இருந்து திருப்பி எடுத்தும் கேட்டாங்க. பெரியம்மா தான் சத்தத்துக்குப் பயந்து பக்கத்து வீட்ட போயிட்டா, இன்னும் வரல்ல. நேத்து மழைக்கு மட்டும் எஸ்என்ஆர் 8க்கு இறங்கினது, அது வெளியில கம்பத்து ஜொயின்ட் உப்புக் காத்தில கறள் பிடிச்சிருக்கும் போல, அதுக்கு நாளைக்கு லைன் ஆக்களுக்கு எழுதிப் போடுறன்.