எக்கினேசியா விதை முளைக்கவில்லை. முளைத்தால் வேரை எப்போது எடுப்பது?

கேள்வி: ஈரமண்

வணக்கம். எக்கினேசியா வளர்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. ஊதா இதழ்கள் கீழே தொங்க, நடுவில் செம்பழுப்புக் குமிழ் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்தச் செடிதான். விதைப் பொட்டலம் ஒன்று கிடைத்தது. அதில் 'எக்கினேசியா' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. எந்த இனம் என்று இல்லை. குழித்தட்டில் தென்னைநார்க் கழிவை நிரப்பி, ஒரு விரற்கணு ஆழத்தில் விதையை ஊன்றி, நாள்தோறும் தண்ணீர் தெளித்து வருகிறேன். கூடவே விதைத்த சாமந்தி பிடுங்கி நடும் பருவத்துக்கு வந்துவிட்டது. இதில் ஒரு முளைகூடத் தலைகாட்டவில்லை. விதை சொத்தையா, என் கைராசி அப்படியா?

அழகுக்காக மட்டும் இதை வளர்க்கவில்லை. வேரைக் கஷாயம் வைத்துக் குடித்தால் சளி, காய்ச்சல் அண்டாது என்று படித்தேன். 7 வயதுப் பையனுக்கு மாதம் தவறாமல் மூக்கு ஒழுகுகிறது. அம்மாவுக்கு முடக்குவாதம்; மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இருவருக்கும் கொடுக்கலாமா? எத்தனையாவது மாதத்தில் வேரைத் தோண்டலாம்?

பதில்: முற்றத்துத் தும்பை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பையனுக்கும் வேண்டாம், அம்மாவுக்கும் வேண்டாம்.

அம்மா எடுத்துக்கொள்ளும் மாத்திரை, தன் உடம்பையே தாக்குகிற நோய் எதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பதற்கானது. எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் என்று சொல்லி விற்கப்படுகிற செடியை அந்த மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பது என்ன நியாயம்? பையன் விஷயத்தில், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எக்கினேசியாவை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இலேயே அறிவித்துவிட்டது. 2003-இல் அமெரிக்காவில் 2 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. சளி முன்னதாக விட்டபாடில்லை. தோலில் தடிப்பு மட்டும் கூடியது: எக்கினேசியா கொடுத்த சளிகளில் 7.1 சதவீதம், ஒப்பிடுவதற்காக மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து கொடுத்தவற்றில் 2.7 சதவீதம்.

இனி செடிக்கு வருவோம். விதை சொத்தையில்லை, கைராசியிலும் குறையில்லை. இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். விரற்கணு ஆழம் அதற்குக் கிணறு. அடுத்தது குளிர். வட அமெரிக்கப் புல்வெளியில் பிறந்த செடி இது. அங்கே இலையுதிர்காலத்தில் விழுந்த விதை, பனிக்கடியில் ஈரத்தோடு கிடந்துவிட்டுத்தான் வசந்தத்தில் கண் விழிக்கும். அந்தக் குளிர்காலத்தை நாம் குளிர்பதனப் பெட்டிக்குள் உண்டாக்கித் தர வேண்டும். கையில் பிழிந்தால் சொட்டு விழாத அளவுக்கு மணலை ஈரமாக்கி, விதையைக் கலந்து, மூடிய டப்பாவில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். உறைபனி அறையில் வைத்துவிடாதீர்கள். பர்பூரியா இனத்துக்கு 4 வாரம் போதும். குளிர் காட்டாமலே ஓரளவு முளைப்பதும் உண்டு. இன்னோர் இனமான அங்கஸ்டிஃபோலியா பிடிவாதக்காரி, 8 முதல் 12 வாரம் கேட்பாள். பிறகு மண்மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்திவிட்டு, மெல்லிய மணல் தூவலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் 10 முதல் 20 நாளில் முளை வரும்.

எந்த இனம் என்பதை இலை சொல்லிவிடும். அகன்று, ஓரத்தில் பல் பல்லாக இருந்தால் பர்பூரியா. ஒடுங்கி, பல்லில்லாமல், தொட்டால் சொரசொரவென்று மயிரோடு இருந்தால் அங்கஸ்டிஃபோலியா அல்லது பாலிடா. பின்னவை இரண்டையும் பூத்த பிறகு பிரித்தறியலாம்: பாலிடாவின் மகரந்தம் வெள்ளை, மற்றதற்கு மஞ்சள். பொட்டலத்தில் வெறுமனே பெயரைப் போட்டு விற்பது பெரும்பாலும் பர்பூரியாதான். இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததும் இல்லை. 1930-களின் இறுதியில் கெர்ஹார்ட் மதாவுஸ் என்ற ஜெர்மானிய மருந்து தயாரிப்பாளர், அங்கஸ்டிஃபோலியா என்று நம்பி அமெரிக்காவிலிருந்து விதை கொண்டுவந்தார். வளர்ந்து நின்றது பர்பூரியா. ஐரோப்பாவில் இந்தச் செடியைப் பற்றி நடந்த ஆராய்ச்சியில் பெரும்பகுதி பர்பூரியாவின் மேல் நடந்ததற்கு அதுவே தொடக்கம்.

உங்களுக்கு இதில் லாபம் இருக்கிறது. அங்கஸ்டிஃபோலியாவுக்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர். இடம் மாற்றினால் முகம் வாடும். பர்பூரியாவுக்குச் சல்லிவேர்க் கொத்து. நட்டாலும் பிரித்தாலும் தாங்கும். நல்ல வெயில், தண்ணீர் தேங்காத மண், இவை இரண்டும் இருந்தால் போதும். உரத்தைக் கொட்டாதீர்கள். ஊட்டம் மிஞ்சினால் தண்டு கொழுத்துச் சாய்ந்துவிடும். அதைவிட மோசம் குளிர்காலத்தில் தேங்கும் ஈரம். செடியின் கழுத்தே அழுகிப்போகும்.

வேரை எத்தனையாவது மாதத்தில் தோண்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மாதக் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. முதல் ஆண்டு பெரும்பாலும் இலை மட்டும்தான். பூ இரண்டாம் ஆண்டில். வேர் தேறுவது 3 அல்லது 4 ஆண்டு கழித்து, இலையுதிர்காலத்தில் மேல்பகுதி காய்ந்த பிறகு. ஆனால் என் கட்சி வேறு: வேரைத் தொடவே வேண்டாம். பர்பூரியாவில் பூத்து நிற்கும் மேல்பகுதிக்கும் மருந்து மதிப்பு உண்டு. ஐரோப்பிய மருந்து முகமையின் குறிப்பேடு மருத்துவ ஆய்வுகளின் அடிப்படையில் சளிக்கு ஏற்றுக்கொண்டிருப்பது அந்தப் பச்சைச் செடியைப் பிழிந்த சாற்றைத்தான். பூத்த தண்டை ஆண்டுதோறும் வெட்டலாம், செடியும் பிழைக்கும். ஒரு குவளைக் கஷாயத்துக்காக 4 ஆண்டுச் செடியைக் கொல்வதற்கு எனக்கு மனம் வராது. அதுவும் வேரில் இருக்கும் அல்கைலமைடுகள் என்ற வேதிப்பொருள்கள் தண்ணீரில் சரியாகக் கரையாதவை, சாராயத்தில்தான் இறங்கும். எத்தனை கொதி விட்டாலும் ஒரு பங்கு சக்கையோடு போய்விடும்.

பதில்: குப்பிமூடி

மருந்தகத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. பெரியவர்களுக்கும் இது எவ்வளவு பயன் தரும் என்பதில் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2014 மறுஆய்வு, சளி வந்த பிறகு எடுத்தால் குணமாகும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றது. வராமல் தடுப்பதில் சிறிய பயன் இருக்கக்கூடும் என்றது. தயாரிப்புக்குத் தயாரிப்பு இனமும் பாகமும் மாறுவதால் ஒப்பிடுவதும் கடினம். ஐரோப்பியக் குறிப்பேட்டின்படி 10 நாளுக்கு மேல் தொடர்ந்து எடுக்கக் கூடாது.

முக்கியமானது ஒவ்வாமை. எக்கினேசியா சூரியகாந்திக் குடும்பம். பார்த்தீனியம் பட்டால் தோல் தடித்து, கண் எரிந்து, மூச்சு இழுக்கிறவர்கள் இதிலிருந்து விலகி இருப்பது நல்லது. பார்த்தீனியமும் அதே குடும்பம்தான்.

ஈரமண்

இருவருக்கும் நன்றி. பையனுக்கும் அம்மாவுக்கும் கொடுக்கும் யோசனையைக் கைவிட்டேன். தென்னைநாரைக் கிளறி விதைகளை மீட்டு, ஈரமணலோடு பெட்டிக்குள் வைத்துவிட்டேன். வெளிறிய மஞ்சள், நாலு பட்டை, அகன்ற முனையில் பழுப்பு வளையம். சரியான விதைதானே?

தோழி ஒருத்தியின் தோட்டத்தில் இந்தச் செடி இருக்கிறது. அவள் ஒரு வேர்த் துண்டைக் கழுவிக் கொடுத்தாள். மென்ற சிறிது நேரத்தில் நாக்கு நுனி விறுவிறுத்து மரத்துப்போய், எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. நஞ்சா என்று பயந்துவிட்டேன். அதே பாத்தியில் ஒரு செடியில் இதழ்கள் ஊதாவாகாமல் பச்சையாகவே குட்டையாக நின்றுவிட்டன; குமிழுக்குள்ளிருந்து சின்னச் சின்ன இலைகள் கிளம்பியிருக்கின்றன. பார்க்க விசித்திரமாக அழகாக இருக்கிறது. அவள் அதிலிருந்து ஒரு பிரிவு தருகிறேன் என்கிறாள். வாங்கலாமா?

பதில்: முற்றத்துத் தும்பை

வாங்காதீர்கள்! அது புது ரகம் இல்லை, நோய். ஆஸ்டர் மஞ்சள் நோய் என்பார்கள். ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் செய்கிற வேலை. தத்துப்பூச்சி ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. உங்கள் தோழியிடம் இன்றைக்கே சொல்லுங்கள், வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். வெட்டிவிட்டால் தேறாது, அந்த நுண்ணுயிர் வேரிலும் இருக்கிறது. உங்கள் சாமந்திக்கும் அது தொற்றும். ஒரே ஒரு எச்சரிக்கை: இலையும் இதழும் நல்ல நிறத்தோடு இருந்து, குமிழின் மேல் மட்டும் கொசகொசவென்று கொத்து முளைத்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகையின் சேட்டை. அதற்குப் பூத்தலையை வெட்டி எறிந்தால் போதும். நீங்கள் சொல்லும் பச்சை இதழும் குமிழிலிருந்து கிளம்பும் இலையும் முதல் வகையைத்தான் காட்டுகின்றன.

நாக்கு மரத்தது நஞ்சால் இல்லை. நான் சொன்ன அல்கைலமைடுகள் அவைதான். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகள் பல்வலிக்கு அந்த வேரை மென்றது இதற்காகவே. வேர் வாங்குகிறவர்கள் இன்றும் ஒரு துண்டை மென்று பார்ப்பதுண்டு. விறுவிறுக்காத வேர் பழசாக இருக்கலாம், வேறு செடியின் வேராகவும் இருக்கலாம். பார்த்தீனியம் இன்டெகிரிஃபோலியம் என்ற செடியின் வேரை இதோடு கலந்து விற்ற கதையெல்லாம் உண்டு. ஆனால் விறுவிறுப்பு சரக்கு அசல் என்பதைத்தான் சொல்லும், சளியைப் போக்குமா என்பதைச் சொல்லாது. ஆளுக்கு ஆள் வேர் தோண்டிய ஆசையில் காட்டுச் செடிகள் பட்ட பாடு போதும். தோண்டல் ஒருபுறம், வீடும் சாலையும் புல்வெளியைத் தின்றது மறுபுறம். டென்னசி எக்கினேசியா என்ற இனம் 1979-இல் அமெரிக்காவின் அருகிய இனப் பட்டியலில் ஏறி, காப்பாற்றப்பட்டு, 2011-இல்தான் இறங்கியது.

விதை எக்கினேசியாதான். ஆனால் பழுப்பு வளையம் அங்கஸ்டிஃபோலியா, பாலிடா விதைகளில் காண்பது; அதனால் பெட்டியில் 12 வாரம் வையுங்கள், இனத்தை முளைத்த பிறகு இலையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இனி உங்கள் செடி பூக்கும்போது கவனித்துப் பாருங்கள். அந்தக் குமிழில் பூ ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில். விளிம்பில் ஒரு வளையம் முதலில் மகரந்தம் காட்டும். அடுத்த நாள் அதற்கு உள்வளையம். இப்படியே நடுவுக்கு ஏறும். தேனீ விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடப்பது அதனால்தான். அடுக்கு இதழ் ரகங்களை நான் நடுவதில்லை. குமிழே இதழாகிப்போன பூவில் தேனீக்கு என்ன இருக்கிறது?

மருந்துக்கு வெட்டுவதானால் வளையம் பாதி ஏறிய நேரத்தில் வெட்டி, நிழலில், ஒன்றோடொன்று படாமல் தொங்கவிடுங்கள். நறுக்கி வைத்துக் காயவிடாதீர்கள். காயம்பட்ட இடத்தில் நொதிகள் வேலை செய்து, மருந்துப் பொருள்களில் ஒன்றான சிக்கோரிக் அமிலத்தைத் தின்றுவிடும். காம்பை வளைத்தால் சடக்கென்று முறிய வேண்டும். விதைக்கு விடுவதானால் குமிழ் கறுத்து, காம்பின் மேல்பகுதி காயும் வரை பொறுங்கள். குமிழின் முட்கள் விரல் நுனியைக் கிழிக்கும், தோல் கையுறை போட்டுக்கொண்டு உதிர்க்கவும். எல்லாவற்றையும் வெட்டிவிடாமல் சில தலைகளை அப்படியே நிறுத்திவையுங்கள். விதை தின்னும் குருவிகள் தேடி வரும். கீழே சிந்துகிறதில் தானாக முளைக்கும் நாற்றில் ஒன்றைத் தோழிக்குக் கொடுங்கள், பிடுங்கிய செடிக்கு ஈடாக. அந்தப் பாத்தியிலேயே நட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். அங்கே சுற்றும் தத்துப்பூச்சி இதையும் விடாது.