குறிஞ்சி நீலம் அச்சில் கத்தரிப்பூ நிறமாகிறது

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். குறிஞ்சிப் பூ காலண்டர், சிவகாசியில் நான்கு நிற ஆஃப்செட் அச்சு (சயான் எனும் பசுநீலம், மெஜந்தா எனும் ஊதாச் சிவப்பு, மஞ்சள், கருப்பு மைகள்), 170 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் பேப்பர். திரையில் இதழ் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) 98, 88, 200. போட்டோஷாப்பில் ஃபோக்ரா39 என்ற அச்சு நிறப் புரொஃபைலுக்கு மாற்றினால் சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய சமமாகி, ப்ரூஃபில் (மாதிரி அச்சில்) கத்தரிப்பூ நிறம் வருகிறது.

பெர்செப்சுவல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் என்ற நிற மாற்று முறைகள் இரண்டும் பார்த்தாயிற்று. மானிட்டர் காலிபரேட் செய்தது. ப்ரூஃபைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்த்தேன். மெஜந்தாவை 45 சதவீதத்துக்கு இறக்கினால் நீலம் திரும்புகிறது, ஆனால் இதழின் ஊதாச் சாயலே போய்விடுகிறது. இதழில் மஞ்சள், கருப்பு இரண்டையும் சுழியமாக்கினேன். கலங்கல் குறைந்தது, ஆனால் மடிப்புகளின் நிழலும் மறைந்தது. பூவுக்கு அந்த நிழல்தான் உயிர்.

ஐந்தாவதாக ஸ்பாட் ஊதா (தனியாகக் கலந்த ஊதா மை) சேர்த்தால் கூடுதல் பிளேட், கூடுதல் செலவு. பட்ஜெட் இடம் தராது.

மடிப்பு நிழலும் ஊதாச் சாயலும் தங்க, நான்கு நிறத்துக்குள்ளேயே சயான், மெஜந்தா, கருப்பு என்ன விகிதத்தில் வைக்கலாம்?