கொக்கோஸ் தீவு ஒருகாலத்தில் இலங்கைக்குச் சொந்தமா?

வெள்ளவத்தைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் தொடங்கிய சண்டை இது. சித்தப்பா சொல்கிறார், இந்து சமுத்திரத்தில் கொக்கோஸ் என்று ஒரு தீவு இருக்கிறது, அது நம்முடையது, சுதந்திரம் கிடைத்த நேரம் நம் ஆட்கள் கேட்காமல் விட்டதால் அவுஸ்திரேலியாக்காரன் எடுத்துக்கொண்டான் என்று. நான் சிரித்துவிட்டேன். அவர் பாதிச் சோற்றில் எழும்பிப் போய்விட்டார், சித்தி இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

இதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? அப்படியே, அறுநூறு பேர்கூட இல்லாத இடத்தை எப்படி ஆளுகிறார்கள், அங்கே உள்ளவர்கள் என்ன செய்து பிழைக்கிறார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மப்பில் பார்த்தால் அறுந்த வளையல் மாதிரி ஒரு கோடு, நடுவில் பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான்.

பழைய முத்திரை:

தம்பி, முதலில் சித்தப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் சொன்னதில் பாதி சரி.

1857இல் பிரித்தானியா அந்தத் தீவுகளைத் தன்னுடையது என்று அறிவித்தது. 1878இல் இலங்கை ஆளுநரின் பொறுப்பில் விட்டார்கள். எட்டே வருடம், 1886இல் சிங்கப்பூர்ப் பக்கம், அதாவது நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரிடம் மாற்றினார்கள். பிறகு 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்ததும் மறுபடி கொழும்பின் கைக்கு வந்து, 1946இல் திரும்பவும் சிங்கப்பூருக்கே போனது. ஆக 1948இல் நமக்குச் சுதந்திரம் கிடைத்தபோது கேட்பதற்கு அது இங்கே இருக்கவில்லை. 1955 நவம்பரில் அவுஸ்திரேலியாவிடம் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் கொழும்பில் இருந்த வெள்ளைக்கார ஆளுநரின் மேசைக்கு அந்தக் கோப்பு வந்தது, அதை "நம்முடையது" என்று சொன்னால் நம்மையே நாம் ஆண்டோம் என்று சொல்வது போல.

அதோடு, ஆளுநர் யாராக இருந்தாலும் தீவில் உண்மையான ராசா குளூனிஸ் ராஸ் என்ற ஸ்கொட்லாந்துக் குடும்பம்தான். 1827இல் வந்து குடியேறியவர்கள், 1886இல் விக்டோரியா மகாராணி நிலத்தை நிரந்தரமாக அவர்களுக்கே எழுதிக் கொடுத்தார். மலாய்த் தொழிலாளர்கள் தேங்காய் பொறுக்கிக் கொப்பரா போட வேண்டும், சம்பளம் அந்தக் குடும்பம் தானே அடித்த வில்லைகளில், அதை அவர்களுடைய கடையில்தான் செலவழிக்கலாம். இங்கேயும் கோப்பிக் காலத்தில் இப்படி வில்லைகள் புழங்கின, நாணயம் சேர்ப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் கொக்கோஸில் இது எழுபதுகள் வரை நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. 1978இல் அவுஸ்திரேலியா 62.5 இலட்சம் டொலர் கொடுத்து அவர்களிடமிருந்து வாங்கிய பிறகுதான் அது முடிவுக்கு வந்தது.

பேர்த் அக்கா:

நான் இருப்பது பேர்த்தில், வேலை விடயமாக ஒரு கிழமை அங்கே போய் நின்றிருக்கிறேன், அதனால் மற்றக் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

27 பவளத் தீவுகள், எல்லாம் சேர்த்து 14 சதுர கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபை எல்லையே 37. ஆட்கள் இருப்பது இரண்டு தீவில் மட்டும், 2021 கணக்கெடுப்பில் 593 பேர். ஹோம் தீவில் கொக்கோஸ் மலாய் மக்கள், முஸ்லிம்கள், பழைய கொப்பராத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள். வெஸ்ட் தீவில் பெரும்பாலும் அரசாங்க வேலைக்கு வந்த வெள்ளைக்காரர், விமான நிலையமும் அங்கேதான். ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோல்ஃப் மைதானம் போகிறது, நான் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் படகு.

ஆட்சிதான் வேடிக்கை. கன்பராவிலிருந்து நியமிக்கப்படும் நிர்வாகி ஒருவர், கிறிஸ்மஸ் தீவுக்கும் அவரேதான். உள்ளூருக்கு நம் பிரதேச சபை மாதிரி ஏழு உறுப்பினர் சபை, 1992இலிருந்து. அதே வருடத்திலிருந்து மேற்கு அவுஸ்திரேலியா மாநிலத்தின் சட்டங்கள் அங்கே செல்லும், பள்ளிக்கூடம் போன்ற சேவைகளைக் கொடுப்பதும் அந்த மாநிலம்தான். ஆனால் அந்த மாநிலத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கு இல்லை! மத்திய பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும்போது இன்னொரு பக்கத்தில் இருக்கிற வட பிரதேசத்தின் லிங்கியாரி தொகுதியோடு எண்ணுகிறார்கள். தெஹிவளையில் இருந்துகொண்டு மேல் மாகாணத்துச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, வாக்கை மட்டும் மொனராகலையில் போடுவதாக யோசித்துப் பாருங்கள்.

அதற்காக வற்புறுத்திச் சேர்த்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1984இல் ஐ.நா. மேற்பார்வையில் வாக்கெடுப்பு, மொத்தம் 261 வாக்காளர். 229 பேர் அவுஸ்திரேலியாவோடு சேர்கிறோம் என்றார்கள், 21 பேர் தளர்ந்த உறவு போதும் என்றார்கள், தனிநாடு கேட்டது 9 பேர். அந்தக் குடும்பத்தின் கீழ் இருந்து பார்த்தவர்கள், எதைத் தெரிவு செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பிழைப்பு என்றால், கொப்பரா 1987இல் நின்றுபோனது. இப்போது அரசாங்க வேலை, ஹோம் தீவுக் கூட்டுறவுச் சங்கம், கொஞ்சம் சுற்றுலா. வற் மாதிரியான அவுஸ்திரேலியாவின் ஜீஎஸ்டி வரி தீவுக்குக் கிடையாது, ஆனால் சாமான் எல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வருவதால் மரக்கறி விலையைக் கேட்டால் வரி இல்லாத சந்தோசம் போய்விடும். தேங்காய் மட்டும் காலில் இடறும். இணையத்தில் டொட் சீசீ என்று முடியும் முகவரி பார்த்திருப்பீர்கள், அது இந்தத் தீவுகளின் குறியீடு, அதை விற்பதோ ஒரு அமெரிக்கக் கம்பனி.

கோட்டை ரயில்:

எம்டன் கதையை ஒருவரும் சொல்லவில்லையே? "அவன் பெரிய எம்டன்" என்று வீட்டில் திட்டுகிறோமே, 1914 செப்டெம்பரில் சென்னைக்குக் குண்டு போட்ட அந்த ஜேர்மன் கப்பல், அது முடிந்த இடம் கொக்கோஸ்தான். அங்கிருந்த தந்திக் கம்பி நிலையத்தை உடைக்கப் போன இடத்தில் நவம்பர் 9ஆம் திகதி சிட்னி என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வந்து அடித்துத் தரைதட்ட வைத்தது.

பழைய முத்திரை:

உண்மைதான், விட்டுவிட்டேன். அதைவிடக் கொழும்புக்காரர் மறக்கக்கூடாதது ஒன்று இருக்கிறது. 1942 மே 8ஆம் திகதி இரவு அங்கே காவலுக்கு நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினரில் சிலர் கிளர்ந்து எழுந்தார்கள். தீவைப் பிடித்து ஜப்பானிடம் கொடுப்பது திட்டம். தலைவர் கிரேஷன் பெர்னாண்டோ. அன்றிரவே அடக்கிவிட்டார்கள், நம் சிப்பாய் ஒருவர் செத்தார். ஆகஸ்டில் பெர்னாண்டோவையும் இன்னும் இருவரையும் வெலிக்கடையில் தூக்கில் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் இந்த மூன்று பேர் மட்டும்தான். பொரளையால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

வெள்ளவத்தைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வருமென்று நினைக்கவில்லை. இங்கிருந்து போக வழி உண்டா அக்கா? மப்பில் அளந்தால் கொழும்பிலிருந்தும் பேர்த்திலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம் காட்டுகிறது, நேரமும் ஒரு மணித்தியாலம்தான் முன்னால்.

பேர்த் அக்கா:

தூரம் சரி, ஆனால் அவுஸ்திரேலியா விசா எடுத்து, பேர்த் வரைக்கும் பறந்து, அங்கிருந்து பாதி வழி திரும்பி வர வேண்டும். படகில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் தம்பி. 2012இல் இலங்கையிலிருந்து கிளம்பிய படகுகள் பல அங்கே போய்ச் சேர்ந்தன. ஆனால் 2001இலேயே அந்தத் தீவைக் குடிவரவு எல்லைக்கு வெளியே தள்ளிச் சட்டம் போட்டிருந்தார்கள், அதனால் படகில் போய் இறங்கியவர்களுக்கு விசா கேட்கும் உரிமை இல்லை.

வெள்ளவத்தைக்காரன்:

விளங்குது. சித்தப்பாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். 1886உடன் முடிந்தது என்ற இடத்தில் நிறுத்தப் பார்த்தேன், "நாற்பத்திரண்டை ஏன் விழுங்குகிறாய்?" என்கிறார். எம்டன்தான்.