192.5 கட்-ஆஃப், பிசி: கிண்டியில் இசிஇ கிடைக்குமா?

பள்ளிபாளையம்_பையன்:

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததில் இருந்து தூக்கமே இல்லை. கணிதம் 98, இயற்பியல் 94, வேதியியல் 95. கட்-ஆஃபுக்குக் கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 98 + 47 + 47.5, மொத்தம் 200-க்கு 192.5. நான் பிசி, அதாவது பிற்படுத்தப்பட்ட வகுப்பு. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் 193 ஆக மாட்டேன் என்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் கிண்டி வளாகத்தில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிக்க வேண்டும் என்று ஒன்பதாவதில் இருந்து ஆசை. எட்டாவது வரை தனியார் பள்ளி, அப்புறம்தான் அரசுப் பள்ளி, அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வர மாட்டேன் என்று சார் சொல்லிவிட்டார். இதற்கிடையில் ஒரு தனியார் கல்லூரியில் இருந்து தினமும் போன். அரசு நடத்தும் பொறியியல் கவுன்சிலிங்கில் உனக்கு ஒன்றும் தேறாது, இப்போதே 25 ஆயிரம் கட்டி சீட்டைப் பிடித்துக்கொள் என்கிறார்கள். அப்பா தறிப்பட்டறை முதலாளியிடம் முன்பணம் கேட்கக் கிளம்பிவிட்டார். யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

கருப்பூர்_சீனியர்:

தம்பி, முதலில் அப்பாவை நிறுத்து. 192.5 வைத்துக்கொண்டு யாருக்கும் ஒரு ரூபாய் முன்பணம் கட்ட வேண்டியதில்லை.

கிண்டி இசிஇ கஷ்டம்தான், ஆசை காட்ட விரும்பவில்லை. அங்கே சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) 200-ஐ ஒட்டியே முடிந்துவிடும், இசிஇ அதற்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆனால் போன வருட கட்-ஆஃபை மட்டும் பார்த்துப் பயப்படாதே. வினாத்தாள் சுலபமாக இருந்த வருடம் 195-க்கு மேல் கூட்டம் நெரியும், கஷ்டமாக இருந்தால் அதே சீட்டு இரண்டு மூன்று மார்க் இறங்கியும் கிடைக்கும். ரேங்க் பட்டியல் வரட்டும். உன் பொது ரேங்க், பிசி ரேங்க் இரண்டையும் எடுத்துக்கொண்டு, போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த ரேங்கில் முடிந்தது என்று ஒப்பிட்டுப் பார். அப்புறம், சம கட்-ஆஃப் வந்தால் முதலில் கணிதத்தைத்தான் பார்ப்பார்கள், உனக்கு 98 இருக்கிறது.

நான் சேலம் அரசு பொறியியல் கல்லூரி. என் வகுப்பில் பாதிப் பேர் கிண்டி கிடைக்காமல் அழுதுவிட்டு வந்தவர்கள்தான், நானும் சேர்த்து.

வேலூர்_அம்மா:

தனியார் பள்ளியில் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்ட இலவச இடம்) மூலமாகச் சேர்ந்து படித்தீர்களா தம்பி? அப்படியென்றால் சாரின் பேச்சோடு விடாமல் டிஎஃப்சி என்கிற கவுன்சிலிங் உதவி மையத்தில் நேரில் கேளுங்கள், விதி வேறாக இருக்கலாம்.

என் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த ஆள் 12 சாய்ஸ் (எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற விருப்பப் பட்டியல்) போட்டு, மாற்ற முடியாதபடி லாக் செய்துவிட்டார், அதில் நாங்கள் பெயரே கேள்விப்படாத கல்லூரி நான்காவது இடத்தில்! அவனுக்குக் கிடைத்தது அதுதான். அதற்குக் கீழே போட்டிருந்த அரசுக் கல்லூரியைத் திரும்பிக்கூடப் பார்க்க முடியவில்லை. சாய்ஸை நீங்களே உட்கார்ந்து போடுங்கள்.

பள்ளிபாளையம்_பையன்:

ஆர்டிஇ இல்லை அம்மா, அப்பா ஃபீஸ் கட்டித்தான் படித்தேன். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான், அந்தச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம். கிண்டியை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் சேலமும் கை நழுவிவிடுமா? பாதுகாப்பாக சேலத்தை மேலே போடச் சொல்கிறான் நண்பன்.

கருப்பூர்_சீனியர்:

தவறு, தவறு. எல்லாரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். உன் முறை வரும்போது உன் பட்டியலை மேலிருந்து கீழே பார்ப்பார்கள், முதலில் எதில் இடம் இருக்கிறதோ அது உனக்கு. பொதுப் பிரிவில் இடம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் பிசி-யில். கிண்டி இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான், மேலே போட்டதற்குத் தண்டனை கிடையாது. சேலத்தை முதலில் போட்டால்தான் ஆபத்து, அது கிடைத்துவிடும், கிண்டியில் இடம் இருந்தாலும் உனக்கு வராது. அதனால் வாய்ப்பைப் பார்த்து வரிசைப்படுத்தாதே, ஆசையைப் பார்த்து வரிசைப்படுத்து. சாய்ஸ் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, ஐம்பது அறுபது போடு.

ஒதுக்கீடு வந்த பிறகு, அதை ஏற்றுக்கொண்டு அப்வேர்டுக்கு, அதாவது உன் பட்டியலில் அதற்கு மேலே உள்ள சீட்டுக்கு, காத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. மேலே ஒன்று கிடைத்தால் பழைய சீட்டு தானாகப் போய்விடும், 'இல்லை, பழையதே வேண்டும்' என்று திரும்ப முடியாது. பட்டியல் ஒழுங்காக இருந்தால் அதில் பயமில்லை.

பள்ளிபாளையம்_பையன்:

நன்றி அண்ணா. அப்பா திரும்பி வந்துவிட்டார், முதலாளி ஊரில் இல்லையாம், நல்லவேளை. பழைய கெமிஸ்ட்ரி நோட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்து 41 வரை வந்திருக்கிறேன். முதல் மூன்று கிண்டி. ஒன்பதாவது வரியில்தான் குழம்பி நிற்கிறேன், குரோம்பேட்டை எம்ஐடி-யில் (அண்ணா பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகம்) இன்ஸ்ட்ருமென்டேஷனா, கோவை ஜிசிடி-யில் (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) இசிஇ-யா?

கருப்பூர்_சீனியர்:

இசிஇ-தான் ஆசை என்றால் கோவை. எம்ஐடி என்ற பெயர்தான் ஆசை என்றால் குரோம்பேட்டை. இதை நான் சொல்லக் கூடாது, நோட்டை மூடிவிட்டுத் தூங்கு.